பதினேழாம் நம்பர் ஃபியூஸ்

விளக்குகளைக் கூட்டிக் குறைக்கும் போர்டில் எல்லா ஸ்லைடரும் கீழேதான் இருந்தன. முப்பத்தாறையும் லைட்டுக்காரர் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்துவிட்டார். அதற்கு மேல் கீழே போக அவற்றுக்கு இடமில்லை. கண்ணாடிக் கேபினிலிருந்து பார்த்தால், ஆளில்லாத நாற்காலி வரிசைகளுக்கு அப்பால், மேடைக்கு மேலே முப்பத்தாறு விளக்குகள் வௌவால் கூட்டம் மாதிரித் தலைகீழாகத் தொங்கின. முப்பத்தைந்து அணைந்திருந்தன. ஒன்று அணையவில்லை. எரிகிறது என்றும் சொல்ல முடியாது. உள்ளே இருக்கும் கம்பி மட்டும், ஊதினால் போய்விடும் கங்கு போல, மயிரிழை அளவுக்குச் சிவந்திருந்தது.

பதினேழு.

“வேற நம்பரே கிடைக்கலையா உனக்கு,” என்றார் அவர். சண்டைக்குப் போகிற குரல் இல்லை, சமாதானத்துக்கு வருகிற குரல்.

மணி காலை பதினொன்று. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஆனால் அரங்குக்குள் ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திவிட்டால் எந்நேரமும் ராத்திரிதான். லைட்டுக்காரருக்கு இருட்டென்றால் பயம். முப்பது வருடமாக இருட்டில் நின்று சம்பாதித்துச் சாப்பிடுகிற மனிதருக்கு இது கொஞ்சம் பெரிய குறைதான். “ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுறாரு, ராத்திரி பாத்ரூமுக்குப் போகணும்னா என்னை எழுப்புறாரு” என்று அவர் மனைவி வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். அவர் மறுத்ததில்லை. உண்மையை மறுக்கும் பழக்கம் அவரிடம் கிடையாது, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

அந்த ஒரு விஷயத்தின் நம்பர்தான் பதினேழு.

பதினொரு வருடமாக அந்த விளக்கில் பல்பே இல்லை. எந்த நாடகக் குழு வந்து கேட்டாலும், “பதினேழு ரிப்பேர் சார், பதினாறையும் பதினெட்டையும் சேத்துப் போட்டா அதே வெளிச்சம்தான்” என்று சொல்லித் தள்ளிவிடுவார். நேற்று மட்டும் தள்ள முடியவில்லை. கேட்டது பாப்பா. இருபது வயதுப் பெண்ணைப் பாப்பா என்று கூப்பிடும் உரிமை அவருக்கு மட்டும் இருந்தது. மனைவியின் அண்ணன் மகள், ஒன்பது வயதிலிருந்து அவர் வீட்டில் வளர்ந்தவள். இன்று மாலை ஆறரைக்கு அவள் முதல் நாடகம். “மாமா, கடைசி சீன்ல நான் நடு மேடையில தனியா நிக்கணும். தலைக்கு நேரா ஒரே ஒரு லைட்டு. எனக்காக,” என்றாள். நடு மேடைக்கு நேர் மேலே இருந்தது பதினேழு மட்டும்தான். ஏணி போட்டு ஏறி, உயரத்துக்கும் பயந்துகொண்டே (அவருடைய பயங்களின் பட்டியல் கொஞ்சம் நீளம்), புதுப் பல்பு மாட்டினார். நேற்று போட்டதும் எரிந்தது, அணைத்ததும் அணைந்தது. இன்று அணைய மாட்டேன் என்கிறது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே இறங்கி நடந்தார். பாதி வழியில் நிமிர்ந்து பார்த்தார். கங்கு கொஞ்சம் வளர்ந்திருந்தது. நின்றார். அதுவும் வளர்வதை நிறுத்தியது.

“சும்மா இரு,” என்றார். விளக்கிடமா, தன்னிடமா என்பது அவருக்கே தெளிவாக இல்லை.

மேடைக்குப் பக்கத்து அறையில் இரும்பு அலமாரி ஒன்று சுவர் உயரத்துக்கு நின்றது. விளக்குகளுக்குப் போகும் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்கள் அதற்குள் அடுக்கடுக்காக இருந்தன. அறைக்குள் நுழைந்தாலே சூடேறிய தூசியின் வாசனை, கருகிய வார்னிஷ் வாசனை, நாக்கில் இரும்பைத் தொட்டது போல ஒரு ருசி. காதுக்கு எட்டியும் எட்டாமலும் ஒரு முனகல், தூங்குகிறவர்கள் பல பேர் ஒரே மூச்சில் மூச்சு விடுவது மாதிரி. அலமாரியின் முகப்பில் முப்பத்தாறு பீங்கான் ஃபியூஸ்கள் பல் வரிசையாகச் செருகியிருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு நம்பர். எல்லாம் ஒரே கை எழுதியது. அந்தக் கைக்கு ஏழு என்ற எண்ணின் இடுப்பில் குறுக்கே ஒரு கோடு போடும் பழக்கம் இருந்தது. ஏழு, இருபத்தேழு, இரண்டும் இடுப்பில் கச்சை கட்டிக்கொண்டு நின்றன.

பதினேழாவது இடத்தில் இருந்த ஃபியூஸில் மட்டும் நம்பர் இல்லை. வெறும் வெள்ளை. பல் வரிசையில் ஒரு பொய்ப் பல்.

பதினொரு வருடமாக யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்கக்கூடாதே என்று அவர் அதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நம்பர்களை எழுதியவர் மச்சான். மனைவியின் அண்ணன், பாப்பாவின் அப்பா. இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த அரங்கில் வேலை பார்த்தார்கள். ஒருவர் அலமாரி பக்கம் நின்று ஒவ்வொரு நம்பராகப் போட்டு, “வந்துச்சா?” என்று கத்துவார். மேடையில் நிற்பவர், “வந்துச்சு” என்பார். “போச்சா?” “போச்சு.” ஒரு நாளைக்கு முப்பத்தாறு வந்துச்சு, முப்பத்தாறு போச்சு. இன்டர்காம் கெட்டுப்போன நாட்களில் மச்சான் மேடைக்கடியில் இருந்துகொண்டே கேபினிலிருந்து டிம்மருக்குப் போகும் கன்ட்ரோல் ஒயரை விரலால் தொட்டுத் தொட்டு விளக்கைச் சிமிட்டச் செய்வார். ஒரு சிமிட்டல், வந்துச்சு. இரண்டு, போச்சு. மூன்று என்றால் டீ சொல்லு மாப்ள என்று அர்த்தம். மூன்றுதான் அதிகம் வரும்.

அவர்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எந்த நம்பரில் கை வைக்கப் போகிறாயோ அந்த நம்பர் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போ. அலமாரியில் காலி இடம் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். யாரும் தொடக்கூடாது.

அன்றைக்குப் பதினேழாம் இடம் காலியாக இருந்தது. ஒத்திகைக்கு நின்றவர்கள் பதினேழு எங்கே, பதினேழு எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார்கள். மச்சான் டீக்குப் போயிருப்பார் என்று லைட்டுக்காரர் நினைத்தார். பழைய பீங்கான் உடைவதும் புதிது போடுவதும் வழக்கம்தானே என்றும் நினைத்தார். ஆனாலும் ஒரு தடவை, “மச்சான்?” என்று கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட ஒரு விநாடி ஆகும். அந்த ஒரு விநாடியை மிச்சம் பிடித்தார். டப்பாவிலிருந்து நம்பர் எழுதாத புது ஃபியூஸை எடுத்துச் செருகினார். விளக்கு ஒரு முறை படபடத்து, பிறகு நிதானமாக எரிந்தது.

“வந்துச்சா?” என்று மேடையைப் பார்த்துக் கத்தினார்.

யாரும் பதில் சொல்லவில்லை.

முதலில் மேடைக்கடியில் இறங்கியவர் அவர்தான். ஒயர்கள் வந்து சேரும் இரும்புப் பெட்டிக்குள் ஒரு கையோடு மச்சான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், தூங்குகிறவர் மாதிரி. சட்டைப் பை புடைத்திருந்தது. மற்றவர்கள் ஓடி வரும் காலடிச் சத்தம் தலைக்கு மேலே பலகையில் கேட்டது. லைட்டுக்காரர் இரண்டு விரலை அந்தப் பைக்குள் விட்டு ஃபியூஸை எடுத்தார். பீங்கான் சூடாக இருந்தது. உடம்புச் சூடு. பெட்டிக்குப் பின்னால் சுவரில் இருந்த குழாயின் வாயில் அதைத் தள்ளி, துணியால் அடைத்தார். அதைச் செய்ய அவர் யோசிக்கவேயில்லை. கை தானாகச் செய்தது. கைக்கு அப்படி ஒரு புத்தி.

‘ஃபியூஸைப் பிடுங்காமல் வேலை பார்த்ததால் விபத்து’ என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதினார்கள். அந்த ஒரு வரி மச்சானின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிறகு எத்தனையோ நாள் அந்தப் பதினேழை எடுத்து அலமாரியில் செருகி, வெள்ளையை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். தடயமே இருக்காது. இறங்கிப் போய்த் துணியைக்கூடத் தொட முடியவில்லை. அந்தச் சூடு இன்னும் இருந்துவிட்டால் என்ன செய்வது.

இப்போது அவர் வேலையைப் பார்த்தார். வேலை பார்க்கும்போது பயம் கொஞ்சம் தள்ளி உட்காரும். கேபினில் கன்ட்ரோல் ஒயரின் பிளக்கை முன்பே பிடுங்கிவிட்டார்; அப்போதும் சிவப்பு போகவில்லை. இங்கே அதே ஒயரின் மறுமுனையைப் பிடுங்கினார். கதவு வழியாக எட்டிப் பார்த்தார். அணைந்திருந்தது. திரும்பச் செருகினார். வந்துவிட்டது. ஆக, கேபினில் கோளாறு இல்லை. டிம்மரிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒயர் போகிற வழியில்தான். வழி என்றால் மேடைக்கு அடியில். அந்தப் பெட்டியில்.

இந்தக் கோளாறு அவருக்குத் தெரிந்ததுதான். கன்ட்ரோல் ஒயரில் ஓடுவது பேட்டரி அளவுக் கரண்ட், தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அது எங்கேயாவது அறுந்து முனை வெறுமனே தொங்கினால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடும். பக்கத்தில் ஒரு மனித உடம்பு வந்தால் போதும், ஒரு கை நீண்டால் போதும், டிம்மர் ஏமாந்துவிடும். விளக்கு சிலிர்த்துக்கொண்டு எரியும். கை விலகினால் அடங்கும். பழைய டிம்மரில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் ஆள் இருந்தால்தான் எரியும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை மனதுக்குள் முடித்த பிறகு, முடித்திருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது.

மேடையின் ஓரத்தில் வந்து நின்றார். மேலே கங்கு சிவந்தது, மங்கியது, சிவந்தது. யாரோ ஒயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவது போல. காலுக்கடியில் பலகைகள் இருந்தன. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையாத இடுக்குகள். இடுக்குகளுக்குக் கீழே கறுப்பு. அவர் தன் செருப்பை ஒரு இடுக்கின் மேலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டார்.

விளக்கு பளிச்சென்று எரிந்து அணைந்தது. ஒன்று.

எரிந்து அணைந்தது. இரண்டு.

மூன்று.

ஆபீஸ் அறைக்கு அவர் ஓடவில்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். வேகமாக நடந்தார், நடுவில் ஒரு நாற்காலி விழுந்தது, அவ்வளவுதான். மேனேஜர் ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, அரங்கத்தின் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தார்.

“சார், பதினேழு தானா எரியுது.”

“எரியலைன்னாதானேய்யா கம்ப்ளெயின்ட்.”

“அணைக்க முடியல சார். ஒயர்ல ஏதோ இருக்கு.”

“எலியா இருக்கும்.”

“மூணு தடவை சிமிட்டுது சார்.”

மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்தார். “உன்னை எண்ணச் சொன்னாங்களா? கீழ இறங்கிப் பாரு. சாயங்காலம் அந்தப் பொண்ணு உருக்கமா பேசிட்டு நிக்கறப்போ தலைக்கு மேல லைட்டு கண்ணடிச்சா நல்லாவா இருக்கும்? உன் வீட்டுப் பொண்ணுதானே?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன.” கண் மூடிக்கொண்டது.

அவர் வெளியே போய் வெயிலில் நின்று ஒரு டீ குடித்தார். கடைக்காரர் கொடுத்த இரண்டாவது டம்ளரையும் கையில் வாங்கிய பிறகுதான், இரண்டு டீ சொல்லியிருக்கிறோம் என்று தெரிந்தது. பழைய பழக்கம். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரோரமாக வைத்துவிட்டு வந்தார்.

இரண்டு மணிக்குப் பாப்பா வந்தாள். கூட்டம் வருவதற்கு முன்னால் தனியாக ஒரு முறை வசனம் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். வந்ததும் வாசல் சுவிட்சை அணைத்தாள், போட்டாள், அணைத்தாள். எந்த சுவிட்சையும் மூன்று முறை சரிபார்க்காமல் அவள் நகர மாட்டாள். அயர்ன் பாக்ஸைப் பிடுங்கிய பிறகும் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். “எங்கப்பா மாதிரி கவனமில்லாம செத்துப் போக மாட்டேன்” என்று ஒரு முறை சாப்பிடும்போது சொன்னாள். அவள் அத்தை அழுதுகொண்டே எழுந்து போய்விட்டாள். லைட்டுக்காரர் அன்றைக்குத் தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிட்டு முடித்தார். என்ன சாப்பிட்டோம் என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது.

“என்ன மாமா, முகம் வெளுத்துப் போயிருக்கு. மேல ஏறுனீங்களா?”

“இல்ல பாப்பா. கீழ இறங்கணும்.”

அவள் மேடையைப் பார்த்தாள். அவள் அப்பா எங்கே செத்தார் என்று அவளுக்குத் தெரியும். “லைட்டே வேண்டாம் மாமா. பதினாறும் பதினெட்டும் போதும்,” என்றாள்.

இப்போது சரி என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் மேலே அந்தச் சிவப்பு, பாப்பா நிற்கப் போகிற இடத்துக்கு நேர் மேலே, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மேடைப் பக்கம் வந்ததும் அது ஏறுவதை அவர் பார்த்தார். அவள் நிற்கப் போகிற இடத்துக்குக் கீழேதான் பெட்டி. இப்படி ஒன்று கீழே இருக்க, அதன் மேல் அவளை நிற்க வைப்பதா.

“பத்து நிமிஷ வேலைடா. ஃபியூஸைப் பிடுங்கி பாக்கெட்ல போட்டுட்டுத்தான் இறங்குவேன்.”

“நான் அந்த அலமாரி முன்னாடியே நிக்கறேன். யாரையும் கிட்ட விட மாட்டேன். இன்டர்காம்ல பேசிக்கிட்டே இருங்க, சரியா? பேசறத நிறுத்தினீங்க, நான் மெயினையே அணைச்சிடுவேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதால் எதுவும் வெளியே வரவில்லை.

வெள்ளை ஃபியூஸைப் பிடுங்கினார். அவள் பார்க்கும்படியாகவே சட்டைப் பையில் போட்டார். பீங்கான் நெஞ்சில் சில்லென்று உட்கார்ந்தது. மேடையில் பதினேழு செத்துப்போனது.

“ஏன் மாமா இதுல மட்டும் நம்பர் இல்ல?”

“பழசு உடைஞ்சிருச்சு,” என்றார்.

மேடைப் பலகையில் தூக்கித் திறக்கும் கதவு ஒன்று உண்டு. அதைத் தூக்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. மரத்தூள், எலிப் புழுக்கை, ஈர மண். அதோடு இன்னொரு வாசனை. அவர் அதை நம்பவில்லை. சூடான டீயின் வாசனை. ஏழு படி இறங்கினார். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். குனிந்து, முழங்கால் மடக்கி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நகர்ந்தார். டார்ச் வெளிச்சம் தூண்களை ஒவ்வொன்றாகத் தொட்டது. ஒவ்வொரு தூணும் தன் நிழலைப் பின்னால் ஒளித்து, அவர் கடந்ததும் முன்னால் கொண்டுவந்து வைத்தது.

டார்ச்சைப் பெட்டியை நோக்கித் தரையில் வைத்தார். பெட்டி அப்படியே இருந்தது. துருப்பிடித்த மூடி. வலது பக்கம் விளக்குக்குப் போகும் தடித்த ஒயர், இடது பக்கம் மெல்லிய கன்ட்ரோல் ஒயர். இரண்டையும் ஒரே பெட்டியில் விட்டிருக்கவே கூடாது. விட்டது அவரும் மச்சானும்தான், சோம்பேறித்தனத்தில், சிரித்துக்கொண்டே.

“மாமா?” தூணில் தொங்கிய இன்டர்காமில் அவள் குரல், கரகரவென்று. “பேசுங்க.”

பட்டனை அழுத்தினார். “வந்துட்டேன் பாப்பா. பெட்டிகிட்ட இருக்கேன்.”

மூடியைக் கழற்றினார். கன்ட்ரோல் ஒயர் அறுந்துதான் இருந்தது. எலி கடித்தால் ஓரம் பிசிறாக இருக்கும். இது அப்படி இல்லை. தோலை நீக்கி, செம்புக் கம்பியைச் சுத்தமாக முறுக்கி, மாட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தது. முறுக்கின நுனியில் ஒரு சின்ன வளைவு. மச்சான் மட்டும்தான் அப்படி வளைப்பார்.

பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே டார்ச்சைப் பின்சுவருக்குத் திருப்பினார். குழாய் தெரிந்தது. துணி கீழே விழுந்து கிடந்தது. குழாயின் வாய் திறந்திருந்தது. விரலை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு வரை விட்டார்.

காலி.

“மாமா, பேச்சக் காணோம்.”

“இருக்கேன்டா.”

கையை வெளியே எடுத்தார். வேலையை முடி, மேலே போ. வேறு எதையும் யோசிக்காதே. வலது கையைப் பெட்டிக்குள் விட்டார். இடது கை இன்டர்காம் பட்டனில்.

“மாமா, ஒண்ணு கேக்கவா? அங்க இருக்கறப்போ கேக்கணும்னு தோணுது.” இன்டர்காம் கரகரத்தது. “எங்கப்பா நிஜமாவே ஃபியூஸைப் பிடுங்க மறந்துட்டாரா?”

அவர் கை பெட்டிக்குள் நின்றது.

“இன்னிக்கு நீங்க எடுத்து பாக்கெட்ல போட்டதைப் பாத்தேன். அவரும் அப்படித்தான் போடுவாரு. எனக்கு ஞாபகம் இருக்கு மாமா, வீட்டுக்கு வந்தாக்கூட சில நாள் பாக்கெட்ல கிடக்கும், அம்மா இருந்தவரைக்கும் திட்டுவாங்க. அப்படிப்பட்ட ஆளு எப்படி மறப்பாரு? பதினொரு வருஷமா அவர் மேல கோவமாவே இருக்கேன். நீங்க அங்கதானே இருந்தீங்க. சொல்லுங்க. மறந்துட்டாரா?”

இருட்டு காதைக் கொடுத்துக் கேட்டது. எங்கேயோ எலி ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. டீ வாசனை நெருங்கி வந்து, மூக்குக்கு எதிரே நின்றது. லைட்டுக்காரருக்குத் தெரிந்தது, இப்போது ஒரே ஒரு விநாடி கொடுக்கப்பட்டிருக்கிறது என்று. அன்றைக்கு மிச்சம் பிடித்த அதே விநாடி. திருப்பிக் கொடுத்துவிடலாம். ஐந்தாறு வார்த்தை போதும்.

பட்டனை அழுத்தினார். அவள் முகத்தை நினைத்தார். வீட்டில் இனி யார் அவருக்குச் சோறு போடுவார்கள் என்று நினைத்தார். இருட்டில் பாத்ரூமுக்குத் துணைக்கு யார் வருவார்கள் என்றுகூட நினைத்தார்.

“ஆமாம்மா,” என்றார். “மறந்துட்டாரு.”

பட்டனை விட்டார்.

டார்ச் அணைந்தது.

மேலே, மிக மெதுவாக, வெளிச்சம் வந்தது. முதலில் சிவப்பு. பிறகு ஆரஞ்சு. பிறகு மஞ்சள். பலகை இடுக்குகள் வழியாகக் கோடு கோடாகக் கீழே இறங்கியது. அவர் முழங்கால் மேல் ஒரு கோடு. பெட்டி மேல் ஒரு கோடு. பதினேழு எரிந்துகொண்டிருந்தது. ஃபியூஸ் அவர் சட்டைப் பையில் இருந்தது.

பெட்டிக்குள் அவர் விரலுக்கும் தடித்த ஒயரின் செம்புக்கும் நடுவே ஒரு நெல்மணி அளவு இடம் இருந்தது. அந்த இடம் முனகியது.

“மாமா, லைட் எரியுதே,” என்றாள் பாப்பா. குரலில் பயம் இல்லை, குழப்பம்தான். “நீங்க எடுத்த இடத்துல ஃபியூஸ் இருக்கு மாமா. நான் இங்கயேதான் நிக்கறேன், யாரும் வரல. கண்ணச் சிமிட்டி முழிச்சேன், இருக்கு. சிவப்புல பதினேழுன்னு எழுதியிருக்கு.”

பிடுங்காதே. தொடாதே. மெயினை அணை. மூன்றும் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. இடது கை பட்டனைத் தேடியது. பட்டன் இருந்த இடத்தில் வேறு ஏதோ இருந்தது. விரல்கள்.

“ஏழுக்கு நடுவுல கோடு போட்டிருக்கு மாமா. அப்பா இப்படித்தானே போடுவாரு.” கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும். “சூடா இருக்கு.”

அவர் மூச்சை அடக்கினார். அசையவில்லை. அசைந்தால் படும்.

எதிரே, பெட்டிக்கு அந்தப் பக்கம், வெளிச்சக் கோடுகள் தரையில் விழவில்லை. எதன் மேலேயோ விழுந்தன. ஒரு கோடு முழங்கால் போன்ற ஒன்றின் மேல். ஒரு கோடு சட்டைப் பித்தானின் மேல். அதற்கும் மேலே போன கோட்டை அவர் பார்க்கவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

நெஞ்சில் ஏதோ ஊர்ந்தது.

சட்டைப் பைக்குள். இரண்டு விரல். நிதானமாக. அவசரம் இல்லை, தலைக்கு மேலே யாரும் ஓடி வரவில்லை. விரல்கள் பீங்கானைக் கண்டுபிடித்தன. பிடித்தன. உயர்த்தின.

பை காலியானது. துணி திரும்பவும் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

“மாமா, பயமா இருக்கு, ஏதாவது பேசுங்க,” என்றது இன்டர்காம். “கேக்குதா? வந்துச்சா?”

அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் காதுக்குப் பக்கத்தில், டீ வாசனையோடு, பட்டன் அழுத்தும் சத்தம் கேட்டது.

“வந்துச்சு.”